மழையில் இறுகி, கச்சானில் ஆடும் ஜன்னல்

மார்கழி மழையில் பதுளைப் பக்கத்து மர ஜன்னல்கள் அடம்பிடிக்கும். திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. உடனே வீட்டில் ஒருவர் சீவுளியைத் தேடுவார்; இல்லாவிட்டால் பக்கத்து லயத்துத் தச்சு பாஸைக் கூட்டிவருவார். நாலு இழுப்பில் ஜன்னல் சரியாகிவிடும். ஆடி பிறந்து கச்சான் அடிக்கத் தொடங்கியதும் அதே ஜன்னலில் விரல் நுழைகிற அளவு சந்து விழுந்திருக்கும். இரவெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு நாள் கொக்கி கழன்று கண்ணாடி நொறுங்கும். நாம் காற்றைத் திட்டுவோம். உண்மையில் அந்தக் கண்ணாடியை உடைத்தது மார்கழியில் ஓடிய சீவுளி.

ஊவா மாகாணத்தில் ஜன்னல் வேலைக்கு இறங்குமுன் இங்குள்ள மழையையும் காற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டவளையும் கினிகத்தேனையும் வைகாசி தொடக்கம் மாதக்கணக்கில் நனையும்போது நமக்கு வெயில். தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போதே தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்று அமுங்கிச் சூடேறி, இன்னும் வறண்டுபோகிறது. அதுதான் கச்சான். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் ஃபோன் என்று அழைக்கும் காற்றும் இதே வகையைச் சேர்ந்தது. பிறகு ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று திரும்புகிறது. தை வரைக்கும் மழை, மூடுபனி, காயாத துணி. ஆண்டுக்கு ஒரு முறை நன்றாக உலர்ந்து, ஒரு முறை நன்றாக ஊறுகிற மரம் நம் வீட்டு ஜன்னல் மரம்.

யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு. அந்த வாசத்தைத் தருவதும் இந்த வறண்ட காற்றுத்தான். முன்னாளில் தோட்டங்கள் கொழுந்தை வாட்டுவதற்கும் இதே காற்றை நம்பியிருந்தன. அப்புத்தளைக்கு மேலே தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தம்பேத்தென்ன ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள், அல்லது எந்தப் பழைய ஸ்டோரையும் பாருங்கள்: மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல்கள். உள்ளே சாக்குத் துணி கட்டிய தட்டுகளில் கொழுந்து பரப்பியிருக்கும். எந்தப் பக்க ஜன்னலைத் திறப்பது, எதை மூடுவது என்பதை வைத்தே வாட்டம் அமைந்தது. விசிறி பொருத்திய தொட்டிகள் வந்த பிறகு அந்த ஜன்னல்களின் வேலை குறைந்துவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் இந்த மாகாணத்தில் ஜன்னலும் ஓர் இயந்திரமாகவே இருந்தது. அதைப் பராமரிக்கத் தெரிந்த கைகளும் தோட்டத்திலேயே இருந்தன.

மரம் ஏன் இப்படி மாறுகிறது? வெட்டி எத்தனை வருடமானாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் அதன் நார்ச்சுவர்களுக்குள் புகும்போது அந்தச் சுவர்கள் தடிக்கின்றன. நார் ஓடும் திசையில் நீளம் அநேகமாக மாறாது, குறுக்கேதான் மாறும். மரத்தின் ஈரம் ஆறு சதவீதம் கூடினால், 45 சென்றிமீற்றர் அகலமான பலகை சில மரங்களில் அரை சென்றிமீற்றருக்கும் மேல் விரிந்துவிடும். சட்டமடித்துக் கண்ணாடி போட்ட ஜன்னலில் குறுக்கே கிடக்கும் மரம் இரண்டு சட்டங்களின் அகலம் மட்டுமே என்பதால், மாற்றம் ஒன்றிரண்டு மில்லிமீற்றருடன் நின்றுவிடும். லயத்து வீடுகளின் முழுப்பலகை ஜன்னல்கள் அதிகமாக முரண்டு பிடிப்பது இதனால்தான். போதாததற்கு, சரியாக உலராத சவுக்குப் பலகையில் அடித்த ஜன்னலாக இருந்தால் அது வளைந்தும் போகும்.

ஆகவே மழைக்காலத்தில் இறுகிய ஜன்னலைக் கண்டதும் சீவ வேண்டாம். முதலில் பிணைச்சலைப் பாருங்கள். மேல் பிணைச்சலின் திருகாணி தளர்ந்தால் ஜன்னல் கதவு முன்னால் சாய்ந்து, கொக்கிப் பக்கத்துக் கீழ்மூலை நிலையில் உரசும். ஊறிய மரத்தின் குற்றம் போலவே அது தோன்றும். திருகாணியின் துளை பெருத்திருந்தால் தீக்குச்சி மொத்தத்தில் மரக்குச்சி சீவி, மரப்பசை தடவி, துளைக்குள் அடித்து இறுக்குங்கள். காய்ந்த பின் அதே ஆணியைத் திரும்பப் பூட்டலாம். பாதி முறைப்பாடுகள் இதிலேயே தீரும். தீராவிட்டால் நிலையின் உள்விளிம்பில் கலர்ச்சோக் பூசி ஜன்னலை மூடித் திறவுங்கள். சோக் ஒட்டிய இடமே உரசுகிற இடம். மெழுகுதிரியை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்து, தை கழியும்வரை பொறுத்திருங்கள்.

மாசி, பங்குனியில் மரம் நடுத்தரமான ஈரத்துக்கு வரும். சீவ வேண்டியிருந்தால் அப்போது, சோக் காட்டிய இடத்தில் மட்டும், கொஞ்சமாகச் சீவலாம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஜன்னலைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து அடிவிளிம்பைப் பாருங்கள். பத்து ஜன்னலில் ஒன்பதில் அந்த விளிம்பு பெயின்டே காணாத வெறும் மரமாக இருக்கும். நார்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகங்கள் அங்கேதான் இருக்கின்றன. மரம் தண்ணீரை அதிகமாகக் குடிப்பதும் அங்கேதான். முகப்பில் பளபளவென்று மூன்று கோட் அடித்துவிட்டு அடியை விட்டுவிடுவது பயனற்ற செலவு. நன்றாக உலர்ந்த நாளில் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, பிணைச்சல் பக்கம் எல்லாவற்றுக்கும் பிரைமரும் இரண்டு கோட் பெயின்டும் அடித்தால், அடுத்த மார்கழியில் வித்தியாசம் தெரியும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. வர்ணப்பூச்சில் ஈயத்துக்குச் சட்டபூர்வமான வரம்பு இலங்கையில் 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். அவற்றைச் சூடுகாட்டி உரிக்கவும் கூடாது, உலர்ந்த சேண்ட்பேப்பரால் தேய்க்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளைத் தூர வையுங்கள். தூளை ஈரத்துணியால் கூட்டி அள்ளுங்கள்.

உக்கல் விழுவதும் பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தில்தான். சிறிய ஆணியால் குத்திப் பார்த்தால் தெரியும்: நல்ல மரம் ஆணியை எதிர்க்கும், உக்கிய மரத்துக்குள் அது சத்தமில்லாமல் இறங்கும். உக்கிய பகுதியை நல்ல மரம் தெரியும்வரை உளியால் செதுக்கி எடுத்து, அதே ஜாதி மரத்துண்டை நார்த்திசை ஒத்துவருமாறு சாய்வாக ஒட்டுங்கள். உக்கலை அப்படியே வைத்து மேலே சிமெந்து பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். சிமெந்துக்கும் மரத்துக்கும் இடையே தண்ணீர் தங்கி, இரண்டே மழையில் மிச்சமும் போய்விடும்.

இனி கண்ணாடி. உடைந்த துண்டுகளை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும்; கீழேயிருந்து தொடங்கினால் மேல்துண்டு கையில் விழும். தடித்த துணியோ கையுறையோ இல்லாமல் தொடாதீர்கள். சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளமான காடியிலிருக்கும் பழைய புட்டியையும் சிற்றாணிகளையும் அகற்றிய பின் அளவெடுங்கள். பழைய சட்டம் எதுவும் சரியான சதுரமாக இருக்காது. அகலத்தையும் உயரத்தையும் மூன்று மூன்று இடங்களில் அளந்து, வந்தவற்றில் சிறியதை எடுத்து, அதிலிருந்து 3 மில்லிமீற்றர் கழித்துவிடுங்கள். அந்த இடைவெளி இல்லாமல் கண்ணாடியை இறுக்கிப் பூட்டினால், மழைக்காலத்தில் மரம் அசையும்போது கண்ணாடி தானாகவே கீறும்.

ஹார்ட்வெயார் கடையில் கண்ணாடி வெட்டுவதைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அங்கே யாரும் கண்ணாடியை வெட்டுவதில்லை, கீறி முறிக்கிறார்கள். அமுக்கத்தைத் தாங்குவதில் கண்ணாடி மிக வலுவானது, இழுவிசைக்கோ பலவீனமானது. உருளும் சிறு சக்கரம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்றை உண்டாக்குகிறது. கீறலை மேசை விளிம்புக்கு நேராக வைத்து அழுத்தும்போது இழுவிசை முழுவதும் அந்த வெடிப்பின் நுனியில் குவிந்து, கோட்டு வழியே பிளந்துவிடுகிறது. சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே சீரான அழுத்தத்துடன் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். சர்ரென்று விடாத மெல்லிய ஒலி கேட்டால் கீறல் சரி. ஒலி விட்டுவிட்டுக் கேட்டாலும் அதே கோட்டில் இரண்டாம் முறை இழுக்காதீர்கள். கண்ணாடி கோணலாக முறியும், சக்கரமும் மழுங்கும். கை பழகாதவர்கள் அளவைக் கொடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்குவது நல்லது.

பழைய துரை பங்களாக்களில் தூரத்து மலையை நெளியவைத்துக் காட்டும் கண்ணாடிகளைக் காணலாம். கண்ணாடி நூறு வருடத்தில் மெல்ல வழிந்ததால் ஏற்பட்ட நெளிவு என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, அந்தக் காலத்தில் கண்ணாடியைச் செய்த முறையில் வந்த நெளிவு அது. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959 இல்தான் அறிவித்தது. அத்தகைய பழைய கண்ணாடி முழுதாக இருந்தால் தயவுசெய்து தூக்கியெறியாதீர்கள். இப்போது அதைச் செய்வார் அரிது.

கண்ணாடிக்குப் போடும் புட்டி, சுவருக்குப் பூசும் புட்டி அல்ல. கடையில் இரண்டையும் புட்டி என்றே தருவார்கள், கேட்டு வாங்குங்கள். நமக்கு வேண்டியது சுண்ணக்கட்டித் தூளும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது. ரொட்டிக்குப் பிசைந்த மாவின் பதத்தில், விரலில் ஒட்டாமல் வர வேண்டும். இது தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. காடிக்குப் பிரைமர் அடிக்காவிட்டால் வறண்ட மரம் எண்ணெயை உறிஞ்சிவிடும். புட்டி வெடித்து உதிரும். காடியில் மெல்லிய படுக்கையாகப் புட்டியை அப்பி, கண்ணாடியை ஓரங்களில் மட்டும் அமுக்கி உட்காரவைத்து, சிற்றாணிகள் அடித்து, அதன்மேல் மீண்டும் புட்டி வைத்துக் கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பாக வழியுங்கள். இரண்டு வாரம் இறுகவிட்டுப் பெயின்ட் அடிக்கும்போது, கோடு புட்டியைத் தாண்டிக் கண்ணாடிமேல் ஒரு மில்லிமீற்றராவது ஏற வேண்டும். மழைநீரை உள்ளே விடாமல் தடுப்பது அந்த ஒரு மில்லிமீற்றர்தான். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெளிவிடும் சூட்டில் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள். குழாயில் வரும் சிலிக்கன் வேலையைச் சுலபமாக்குவது உண்மைதான். அடுத்த முறை கண்ணாடி உடையும்போது அதைப் பிய்த்தெடுப்பதற்குள் சட்டமே சிதைவதால், மரச்சட்டத்துக்குப் புட்டிதான் என் தேர்வு.

இவ்வளவும் ஜன்னல் இருக்கிற வீட்டுக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர். அங்கே ஜன்னலுக்கு இடமில்லை. முன்பக்கத்தில் ஒரு சிறிய பலகை ஜன்னல் இருந்தாலும், பலகை உக்கிய இடத்தில் பசளைச் சாக்கும் பொலித்தீனும் ஆணியடித்திருக்கும். விறகடுப்புப் புகை வெளியேற வழியில்லாமல் பிள்ளைகள் இருமிக்கொண்டு படிக்கிறார்கள். குளிரைத் தடுக்க அடித்த சாக்கு புகையையும் பூட்டிவைக்கிறது. பசளைச் சாக்கை நிரந்தரமாக அடிப்பதற்குப் பதில், நாலு சட்டத்தை மூட்டி அதில் தடித்த பொலித்தீனை இழுத்துக் கட்டி, மேல்பக்கம் இரண்டு பிணைச்சல் பூட்டினால் வெளிச்சமும் கிடைக்கும், சமையல் நேரத்தில் தள்ளித் திறந்து குச்சி முட்டுக்கொடுக்கவும் முடியும். இது தற்காலிக உதவிதான். லயத்தின் கட்டடம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. உக்கிய ஜன்னலை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

இன்னொரு வகைப் பழுது உண்டு. அதைச் சீவுளியோ புட்டியோ தீர்க்காது. ஈரத்தால் இறுகும் ஜன்னல் மெல்ல மெல்ல இறுகும். மழை விழும் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து இறுகும். நேற்றுவரை ஒழுங்காக மூடிய ஜன்னல் இன்று ஒரு மூலையில் மட்டும் முட்டினால், கதவும் கூடவே இறுகினால், யாரும் தொடாத கண்ணாடி கீறினால், ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடினால், வீட்டின் அடியில் நிலம் அசைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு நூலை எடுத்து நிலையின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் பாருங்கள். இரண்டும் முன்பு சமமாக இருந்து இப்போது வேறுபட்டால் நிலை கோணிவிட்டது. சுவர் வெடிப்பின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதியை எழுதிவையுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டி ஓடினால், அது நின்றுபோன பழைய வெடிப்பு அல்ல.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாட்டில் மண்சரிவு அபாயம் மிகுந்த மாவட்டங்களில் ஒன்று பதுளை. கதவும் ஜன்னலும் திடீரென்று இறுகுவதை மண்சரிவின் முன்னடையாளங்களில் ஒன்றாகவே நிபுணர்கள் சொல்கிறார்கள். இந்த அடையாளங்களோடு முற்றத்தில் நிலம் பிளந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாய்க் கலங்கல் ஊற்றுக் கிளம்பினாலோ, ஜன்னலைச் சரிசெய்ய நிற்காதீர்கள். பக்கத்து வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு வெளியேறுங்கள்; கிராம அலுவலருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆம் இலக்கத்துக்கும் அறிவியுங்கள். வீட்டை வந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை ஜன்னல் கோணலாகவே கிடக்கட்டும்.