இளையோர்: ஒரு சொல்லும் ஒரு கேள்வியும்

நம் பங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் 'இளையோர்'. இளையோர் இயக்கம், இளையோர் கூட்டம், இளையோர் ஞாயிறு என்கிறோம். திருவிழா நெருங்கினால், "இளையோர் அனைவரும் பந்தல் வேலைக்கு வரவும்" என்று திருப்பலி முடிவில் அறிவிக்கிறோம். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

இளையோர், இளைஞர், இளமை ஆகிய மூன்று சொற்களுக்கும் அடிப்படை 'இள' என்பதே. முற்றாதது, மென்மையானது என்பது இதன் முதற்பொருள். இளநீர், இளந்தளிர், இளவெயில் என்று நாம் தினமும் சொல்பவை எல்லாம் இந்தப் பொருளில்தான். வழக்கில் 'இளைஞர்' என்றால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே நினைவுக்கு வருகிறார்கள். 'இளையோர்' என்பதோ இருபாலரையும் சேர்த்து அழைக்கிறது.

இரண்டாவது பொருள், பின்னால் பிறந்தவர் என்பது. மூத்தவன், இளையவன் என்று வீட்டில் சொல்கிறோம் அல்லவா? ஈசாயின் பிள்ளைகளில் எல்லாருக்கும் இளையவர் தாவீது. லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் வீட்டை விட்டுப் போனவரும் இளைய மகனே. ஆக, இது ஓர் உறவுச் சொல். மூத்தவர் ஒருவர் இருந்தால்தான் மற்றவர் இளையவர்.

மூன்றாவது பொருள் பழைய இலக்கியத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் கற்பியலில் வரும் 'இளையோர்', தலைவனோடு பயணம் போகும் பணியாளர்கள். வழியின் தன்மையை எடுத்துச் சொல்வதும், அருகிலிருந்து வேலை செய்வதும், காவல் காப்பதும் அவர்களுக்கு உரிய பொறுப்புகள். அந்த இளையோர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர், பொறுப்பில் இருந்தவர்கள்.

மென்மை, உறவு, பொறுப்பு ஆகிய மூன்றும் எப்படி ஒன்றாகச் சேரும்? காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு நாற்றங்காலே அதைச் சொல்லித் தரும். மூன்று மாத நெல்லுக்கு மூன்று வாரம், நான்கு மாத நெல்லுக்கு நான்கு வாரம் என்று நாற்றின் வயதைக் கணக்கிடுவது நம் உழவர் வழக்கம். ஏறத்தாழ 110 நாளில் விளையும் ஆடுதுறை 43 போன்ற குறுவை நெல்லை இளநாற்றாகவே நட்டுவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று நாற்றங்காலிலேயே விட்டுவைத்தால் நாற்று முற்றிவிடும். பிறகு நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது; கதிரும் குறையும்.

பறித்து நடும்போது வேர் சற்று அறுபடத்தான் செய்யும். இரண்டு நாள் வாடி நிற்கும். அதைப் பார்த்து எந்த உழவரும் நாற்றைப் பிடுங்கி எறிவதில்லை. தண்ணீர் காட்டிப் பச்சை பிடிக்கும் வரை பொறுத்திருக்கிறார்.

நாம் நம் பிள்ளைகளிடம் அப்படிப் பொறுத்திருக்கிறோமா? தோரணம் கட்டவும் தேர் தூக்கவும் அவர்களை அழைக்கிறோம். பங்குப்பேரவையில் இடம் கேட்டால், "சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்கிறோம். ஒருமுறை தவறிவிட்டால் அதையே பல ஆண்டு சொல்லிக்காட்டுகிறோம். பிறகு அவர்கள் படிப்பு முடித்துச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். கிறிஸ்துமசுக்கு ஊர் வரும்போது கோயிலின் பின்வரிசையில் விருந்தினரைப் போல நிற்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்று நாம் குறைப்படுகிறோம். நடாத வயலில் அறுவடையைத் தேடலாமா?

தாம் சிறுபிள்ளை என்று எரேமியா தயங்கியபோது, ஆண்டவர் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. இளமையை முன்னிட்டு யாரும் உன்னைத் தாழ்வாகக் கருத இடங்கொடாதே என்ற பொருளில் பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019-இல் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற திருத்தூது அறிவுரை மடலில், இளையோர் உலகின் எதிர்காலம் மட்டுமல்லர், நிகழ்காலமும் அவர்களே என்று நினைவூட்டினார்.

இளையோர் என்று நாம் அழைக்கும்போதே, நம்மை மூத்தோர் என்று ஒப்புக்கொள்கிறோம். மூத்தோரின் கடமை, பருவம் தவறாமல் நடுவது. இந்த ஆண்டு நம் பங்கில் ஒரு கணக்கையோ, ஒரு குழுவையோ, ஒரு முடிவையோ இளையோர் கையில் முழுமையாக ஒப்படைப்போமா? முதலில் சற்று வாடலாம். பொறுத்திருப்போம், பச்சை பிடிக்கும்.