தபால் ஆபீசை சோதிக்க ஒரு பார்சல்! கட்டுவது எப்படி? ஏமாறாமல் தப்பிப்பது எப்படி?

திருவண்ணாமலை:

"ஒரு பார்சல் கட்டி தபால் ஆபீசில் போடணும். வரிசையில் எத்தனை நிமிஷம் நின்னீங்க, கவுண்ட்டரில் என்ன கேட்டாங்க, போன இடத்துக்கு எத்தனை நாளில் சேர்ந்துச்சுன்னு எழுதி அனுப்பணும். அவ்வளவுதான் வேலை. கையில் காசு!"

செல்போனில் இப்படி ஒரு தகவல் வந்தால் யாருக்குமே சபலம் தட்டத்தான் செய்யும். வீட்டில் உட்கார்ந்து பூ கட்டுகிறவர், பவுர்ணமிக்கு பவுர்ணமி கிரிவலப் பாதையில் கடை போட்டுவிட்டு மற்ற நாளில் வேலை தேடுகிறவர், படித்துவிட்டு சும்மா இருக்கிற பிள்ளைகள் என்று பலருக்கும் 'செஞ்சுதான் பார்ப்போமே' என்று தோன்றும்.

இது நிஜ வேலையா, டுபாக்கூரா? இரண்டுமே உண்டு. எது எது என்று தெரிந்துகொண்டால் பிழைக்கலாம். தெரியாமல் இறங்கினால் கைக்காசும் போய், போலீஸ் ஸ்டேஷன் படியும் ஏற வேண்டியிருக்கும். இதோ முழு விவரம்:

மர்ம வாடிக்கையாளர் யார்?

சாதாரண ஆள் மாதிரி கடைக்குள் போய், அங்கே நடப்பதை கவனித்து, கம்பெனிக்கு ரகசியமாக எழுதிக் கொடுப்பவர்தான் 'மர்ம வாடிக்கையாளர்'. 1940-களில் அமெரிக்காவில் கடை ஊழியர்களின் நாணயத்தை சோதிக்க ஆரம்பித்த பழக்கம் இது. இன்று ஓட்டல், பெட்ரோல் பங்க், துணிக்கடை என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது.

தபாலும் இதற்கு விலக்கு இல்லை. நம்ம ஊர் தபால் துறைக்கே இது பழைய வழக்கம்தான். தபால்காரர் கடிதத்தை ஒழுங்காக கொண்டு சேர்க்கிறாரா, தெருவில் இருக்கிற தபால் பெட்டியை நேரத்துக்கு திறக்கிறார்களா என்று பார்க்க, ஆய்வாளர்கள் சோதனைக் கடிதங்களை போட்டு வைப்பது உண்டு. ஸ்பீடு போஸ்ட்டையும் தனியார் கூரியரையும் மத்திய தணிக்கை துறை ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்பீடு போஸ்ட்தான் மேல் என்று சொன்னதும் உண்டு.

வெளிநாட்டில் இன்னும் ஒருபடி மேலே. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கும் உலக தபால் ஒன்றியம், சோதனைக் கடிதத்துக்குள் பேட்டரி இல்லாத சின்ன மின்னணு சில்லு ஒன்றை வைத்து அனுப்பச் சொல்கிறது. கடிதம் தபால் நிலையத்துக்குள் நுழையும்போதே ஆன்டெனா அதை கண்டுபிடித்து நேரத்தை பதிவு செய்துவிடும். வெளியில் பார்த்தால் சாதா கடிதம் மாதிரியே இருக்கும்.

அமெரிக்க தபால் துறை, மர்ம வாடிக்கையாளர்களை பார்சலோடு கவுண்ட்டருக்கே அனுப்பி சோதித்தது. "உள்ளே உடையுற பொருள், திரவம், கெட்டுப்போற பொருள், ஆபத்தான பொருள் ஏதாவது இருக்கா?" என்று ஊழியர் கேட்கிறாரா இல்லையா என்பது அங்கே முக்கியமான சோதனை.

பார்சல் கட்டுவது எப்படி?

சோதனை பார்சலுக்கு முதல் விதி, அது சோதனை பார்சல் மாதிரி தெரியக்கூடாது. பத்தோடு பதினொன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது விதி, கட்டுமானத்தில் குறை இருக்கக்கூடாது. நீங்கள் அரைகுறையாக கட்டி, உள்ளே இருந்தது உடைந்துபோனால், பழி தபால்காரர் மேல் விழும். சோதனையே பொய்யாகிவிடும்.

உள்ளே என்ன வைப்பது? என்ன பொருள் என்று கம்பெனி சொன்னால் அதுதான். சொல்லாவிட்டால், தொலைந்தாலும் அழவேண்டாத பொருளாக வையுங்கள். பழைய நோட்டு, புத்தகம், துணி போதும். உடைகிறதா என்று பார்க்கும் சோதனை என்றால் நம்ம ஊர் மண் அகல் விளக்கு நாலு போதும். விலையும் குறைவு. எடுத்து வீசினால் காட்டிக் கொடுத்துவிடும்.

பெட்டி: புது அட்டைப் பெட்டி நல்லது. மளிகைக் கடை பெட்டி என்றால், ஈரம் பட்டு நைந்துபோகாததாக பார்த்து எடுங்கள். பழைய விலாசம், பழைய பார்கோடு ஸ்டிக்கர் இருந்தால் கிழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் பார்சல் ஊர் மாறிப் போக வாய்ப்பு உண்டு. பொருளை விட பெட்டி ரொம்ப பெரிதாகவும் வேண்டாம். லேசான பொருளாக இருந்தாலும், சில சேவைகளில் பெட்டியின் அளவை வைத்தே கட்டணம் போடுவார்கள்.

உள்கட்டு: ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக பேப்பரில் சுற்றுங்கள். அடியிலும், மேலேயும், நாலு பக்கமும் கசக்கிய பேப்பரை இரண்டு விரற்கடை கனத்துக்கு திணியுங்கள். மூடிவிட்டு காது அருகே வைத்து குலுக்குங்கள். 'கடகட' சத்தம் வந்தால் இன்னும் பேப்பர் வேண்டும் என்று அர்த்தம். பிறகு இடுப்பு உயரத்தில் இருந்து ஒருமுறை கீழே போட்டுப் பாருங்கள். அதை தாங்காத பார்சல், மூட்டையோடு மூட்டையாக லாரியில் போகும்போது தாங்காது.

ஜவ்வாது மலை தேன் மாதிரி பாட்டில் சமாச்சாரம் என்றால், மூடியை இறுக்கி அதன் மேல் டேப் சுற்ற வேண்டும். பாட்டிலை பிளாஸ்டிக் கவரில் போட்டு கட்டி, இன்னொரு கவரிலும் போடுங்கள். ஒரு பாட்டில் கசிந்தால் பக்கத்தில் இருக்கும் ஆரணி பட்டுப்புடவை பார்சலும் நாசம். அது யாரோ ஒருத்தர் வீட்டு கல்யாணப் புடவையாக இருக்கலாம்.

டேப்: அகலமான பிரவுன் டேப்பை நடு மூட்டிலும் இரண்டு ஓரங்களிலும் ஒட்டுங்கள். சணல், நூல் கட்ட வேண்டாம். மற்ற பார்சலில் மாட்டிக்கொள்ளும்.

விலாசம்: பெறுபவர் பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, செல் நம்பர். அனுப்புநர் விலாசமும் அவசியம். மேலே கண்ணாடி டேப் ஒட்டினால் மழையில் மை அழியாது. அதே விலாசத்தை ஒரு துண்டு சீட்டில் எழுதி பெட்டிக்குள்ளும் போடுங்கள். மேல் சீட்டு கிழிந்தாலும் பார்சல் அனாதை ஆகாது.

6 எண்ணில் இருக்கிறது சூட்சுமம்

1972 ஆகஸ்ட் 15-ந்தேதி வந்தது பின்கோடு. திருவண்ணாமலை தலைமை தபால் நிலையத்துக்கு 606601. ரமணாசிரமத்துக்கு 606603. முதல் எண் 6 என்பது தமிழ்நாடு, கேரளா அடங்கிய தென்பகுதியை குறிக்கும். முதல் 3 எண்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தை சொல்லும். கடைசி 3 எண்கள்தான் எந்த தபால் நிலையம் என்று காட்டும். ஒரு எண் மாறினாலும் பார்சல் வேறு ஊருக்கு சுற்றுலா போய்விடும். அப்புறம் 'தாமதம்' என்று தபால்காரரை குற்றம் சொல்வது நியாயம் இல்லை.

கற்பூரம் கூடவே கூடாது

கோவில் ஊர் ஆச்சே! வெளியூர் சொந்தக்காரருக்கு அனுப்பும்போது விபூதி, குங்குமத்தோடு ஒரு பாக்கெட் கற்பூரத்தையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். சர்வதேச விதிகளில் ஆபத்தான சரக்கு பட்டியலில் இருக்கிறது. தூரத்து ஊர்களுக்கு தபால் விமானத்திலும் போகிறது. தீப்பெட்டி, பட்டாசு, சென்ட் பாட்டில், பவர் பேங்க் எல்லாமே வம்புதான். உறை போடாத கத்தி, அரிவாள்மனை மாதிரி கூர்மையான சாமானும் கூடாது. ரூபாய் நோட்டை பார்சலில் ஒளித்து அனுப்புவதும் தப்பு.

"ஊழியர் கண்டுபிடிக்கிறாரான்னு பார்க்க ஒரு தடை செஞ்ச பொருளை உள்ளே வைங்க" என்று யாராவது சொன்னால், அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். நாணயமான கம்பெனி அப்படி சொல்லாது. மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது, அனுப்புநர் இடத்தில் பெயர் எழுதிய நீங்கள்தான்.

கவுண்ட்டரில் என்ன கவனிக்க வேண்டும்?

உள்ளே நுழைந்த நேரம், கவுண்ட்டருக்கு போய் சேர்ந்த நேரம், ரசீது கைக்கு வந்த நேரம். இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்சலை உங்கள் கண் எதிரே எடை போட்டாரா? கட்டணத்தை வரியோடு சேர்த்து சொன்னாரா? ரசீதில் உள்ள பின்கோடு சரியா? ஸ்பீடு போஸ்ட் ரசீதில் 13 இலக்க எண் இருக்கும். முதலில் 2 ஆங்கில எழுத்து, நடுவில் 9 எண்கள், கடைசியில் இந்தியாவை குறிக்கும் 2 எழுத்து. இதை வைத்துத்தான் பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும். ரசீதை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். வெயிலில் வைத்தால் மை மங்கிவிடும்.

இன்னொரு விஷயம். பழைய ஞாபகத்தில் 'ரிஜிஸ்டர் தபால்' என்று கேட்காதீர்கள். 2025-ல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது.

அறிக்கை எழுதும்போது மனசாட்சி முக்கியம். கவுண்ட்டரில் இருப்பவரும் மாச சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்தான். பவுர்ணமி அன்று ஊரே ஜனக்கடலாக இருக்கும்போது போய் நின்றுவிட்டு, 'அரை மணி நேரம் காக்க வைத்தார்' என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. 'பவுர்ணமி நாள், எனக்கு முன்னால் 20 பேர், ஒரே கவுண்ட்டர்' என்று எழுதினால்தான் முழு உண்மை. தப்பு ஊழியர் மேல் இல்லை, ஆள் பற்றாக்குறை என்று மேலே இருப்பவர்களுக்கும் புரியும்.

கட்டுப்படி ஆகுமா?

உதாரணத்துக்கு, ஒரு பார்சலுக்கு 200 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். பெட்டி, டேப் 40 ரூபாய். தபால் கட்டணம் 80. போக வர பஸ் செலவு 30. ஆக, கையில் இருந்து போவது 150. இதை தனியாக திருப்பித் தந்தால் கூலி 200 முழுசாக நிற்கும். கூலிக்குள்ளேயே அடக்கம் என்றால் மிச்சம் வெறும் 50. அரை நாள் வேலைக்கு 50 ரூபாய் கட்டுமா? 'செலவு தனியா, கூலியில் சேர்த்தியா, எத்தனை நாளில் வரும்' என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்வா கொடுப்பது இப்படித்தான்

முதல் ரகம், முன்பணம் கேட்கும் ஆசாமிகள். 'பதிவு கட்டணம் கட்டுங்க, பயிற்சி கட்டணம் கட்டுங்க' என்பார்கள். வேலை கொடுப்பவன்தான் கூலி தர வேண்டும். வேலை செய்பவன் எதற்கு காசு கட்ட வேண்டும்? கேட்டாலே அது மோசடி.

இரண்டாவது ரகம், அமெரிக்காவில் பலரை கவிழ்த்தது. பெரிய தொகைக்கு செக் அனுப்பி, 'உங்க கூலியை எடுத்துக்கிட்டு மீதியை இந்த கணக்குக்கு அனுப்புங்க' என்பார்கள். பணம் அனுப்பிய பிறகு செக் போலி என்று வங்கி சொல்லும். இங்கே அதுவே 'தவறுதலா கூட பணம் போட்டுட்டோம், திருப்பி அனுப்புங்க' என்று வரலாம்.

மூன்றாவதுதான் ரொம்ப பயங்கரம். 'பொருளை நாங்களே உங்க வீட்டுக்கு அனுப்புறோம். பிரிக்காம, மேலே உங்க பேரை ஒட்டி வேற விலாசத்துக்கு அனுப்பினா போதும்' என்பார்கள். உள்ளே திருட்டுப் பொருளும் இருக்கலாம், போதைப் பொருளும் இருக்கலாம். போலீஸ் வந்து கதவை தட்டும்போது அந்த ஆசாமியின் நம்பர் சுவிட்ச் ஆப். உங்கள் பெயர் மட்டும் பார்சல் மேல் பளிச்சென்று இருக்கும்.

கண்ணால் பார்க்காததை, கையால் கட்டாததை, உங்கள் பெயரில் அனுப்பவே அனுப்பாதீர்கள். எந்த கம்பெனியாக இருந்தாலும் இதில் தாட்சண்யம் வேண்டாம்.

ஒரு நோட்டு போதும்

பார்சல் வேலை செய்பவர்கள் 20 ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். தேதி, யாருக்கு, உள்ளே என்ன, ரசீது எண், செலவு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பெட்டியை மூடும் முன் ஒரு போட்டோ எடுங்கள். காசு கணக்குக்கு மட்டும் இல்லை, 'உங்க பேரில் போன பார்சலில் போதைப் பொருள் சிக்கியிருக்கு. வீடியோ காலில் கைது பண்றோம்' என்று மிரட்டும் கும்பலிடம் இருந்து தப்பிக்கவும் இது உதவும். அனுப்பியது எது, அனுப்பாதது எது என்று கையில் கணக்கு இருந்தால் பயம் வராது. வீடியோ காலில் கைது என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு. பார்சல் வராதது, தாமதம் போன்ற தபால் புகார்களுக்கு 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

சோதனை பார்சலோ, சொந்தக்காரருக்கு அனுப்பும் பார்சலோ, கட்டும் முறை ஒன்றுதான். மேலே எழுதியிருக்கும் பெயர் உங்களுடையது. உள்ளே இருப்பது என்னவென்று உங்களுக்கு தெரிந்திருந்தால் ராத்திரி நிம்மதியாக தூங்கலாம்.