எஸ்.யூ. கார்புரேட்டர்: மூடிக்குள் கொஞ்சம் எண்ணெய்

மாரிஸ் மைனர் 1000 காரின் 1098 சிசி எஞ்சினில் 1962 முதல் வந்த எச்.எஸ்.2 வகை இது. எஸ்.யூ. என்பது ‘ஸ்கின்னர் யூனியன்’. காலணி வணிகக் குடும்பத்து ஸ்கின்னர் சகோதரர்கள் முதலில் தோல் துருத்தி வைத்துத்தான் இதைச் செய்தார்கள்.

மணி போல் கவிழ்ந்திருக்கும் கூட்டைப் பாருங்கள். உள்ளே ஒரு பிஸ்டன், எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப ஏறி இறங்கும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசி மேலெழும்போது, ஜெட்டில் பெட்ரோலுக்கு வழி அகலும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் பிஸ்டன் துள்ளாமல் பிடித்துவைப்பது, அதன் தண்டுக் குழிக்குள் நிற்கும் எண்ணெய். அது வற்றினால் வண்டி ஒரு கணம் திணறிவிட்டுத்தான் பாயும். ஜெட்டைக் குறை சொல்லுமுன் மேல்மூடியைக் கழற்றிப் பார்ப்பதே சரி.

கலவையைச் சோதிக்க, எஞ்சின் சூடானபின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துவார்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அடங்கினால் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. ஜெட் நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இலங்கைச் சாலைகளில் மைனர்கள் இன்றும் ஓடுகின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று நின்றால், முதலில் எண்ணெயைப் பாருங்கள்.