தோழிக்குச் செய்த சத்தியம்... தொழிலாளர்களே கட்டிய மருத்துவமனை!

பிலாய் எஃகு ஆலைக்கு இரும்புத் தாது போவது தல்லி ராஜ்ஹரா சுரங்கங்களிலிருந்து. இன்று சத்தீஸ்கர், அன்று மத்தியப் பிரதேசம். 1970-களில் அங்கே பாறையை உடைத்து, தாதுவைக் கூடையில் சுமந்து லாரியில் ஏற்றியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் பெண்களும் ஏராளம். ஆலையின் நிரந்தர ஊழியர்களுக்குக் கிடைத்த மருத்துவ வசதி இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1977-ல் இவர்கள் தனிச் சங்கம் தொடங்கினார்கள். தலைமை ஏற்றவர் சங்கர் குஹா நியோகி. அதே ஆண்டு ஜூன் 2, 3 தேதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் சங்கம் உடையவில்லை. அந்தச் சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர்தான் குசும் பாய். சுரங்கத்தில் கூடை சுமந்த பெண்.

1979-ல் பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போன குசும் பாய் உயிரோடு திரும்பவில்லை. சரியான கவனிப்பு இல்லாததால்தான் இறந்தார் என்று தொழிலாளர்கள் குமுறினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவமனை முன்பு கூடினார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு கோபத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால், அங்கே ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. இன்னொரு தாய்க்கு இந்தக் கதி வரக் கூடாது, நமக்கென்று ஒரு பிரசவ ஆஸ்பத்திரியை நாமே கட்டுவோம் என்று முடிவெடுத்துக் கலைந்தார்கள்.

ஆவேசத்தில் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியத்தோடு மறந்துபோகும். இது மறக்கவில்லை.

1981-ல் டாக்டர்கள் வரத் தொடங்கினார்கள். வேலூர் சி.எம்.சி-யில் படித்த பினாயக் சென் அவர்களில் ஒருவர். (பின்னாளில் ராஜதுரோக வழக்கில் சிறை சென்றாரே, அவரேதான்.) ஆஷிஷ் குண்டு, சைபால் ஜனா ஆகியோரும் சேர்ந்தார்கள். 1982-ல் முதலில் ஒரு சின்ன டிஸ்பென்சரி. இன்னொரு பக்கம் கட்டட வேலை. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடித்த கையோடு வந்து செங்கல் சுமந்தார்கள் தொழிலாளர்கள். பணமும் அவர்கள் கூலியிலிருந்துதான். வெளியிலிருந்து பெரிய நன்கொடை எதையும் அவர்கள் தேடவில்லை.

1983 ஜூன் 3-ம் தேதி 15 படுக்கைகளோடு திறக்கப்பட்டது ஷஹீத் மருத்துவமனை. ஷஹீத் என்றால் தியாகி. 1977-ல் சுடப்பட்டு இறந்த அந்த 11 பேரின் நினைவாக வைத்த பெயர், அவர்கள் நினைவு நாளிலேயே திறப்பு விழா. `உழைப்பவர்களின் ஆரோக்கியத்துக்காக உழைப்பவர்களின் சொந்தத் திட்டம்' என்பதுதான் அதன் முழக்கம்.

அது வெறும் முழக்கமாக நிற்கவில்லை. தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பயிற்சி எடுத்து நோயாளிகளைக் கவனித்தார்கள். ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்கவும் அவர்களே வந்தார்கள். `ஊசி போட்டாதான் டாக்டர்' என்ற நம்பிக்கை நம் ஊரைப் போலவே அங்கேயும் உண்டு. தேவையில்லாத ஊசி, டானிக் வேண்டாம் என்று மருத்துவமனையே பிரசாரம் செய்தது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வீட்டிலேயே எப்படித் தயாரிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சங்கமோ இன்னொரு பக்கம் சாராயத்துக்கு எதிராக இறங்கியது. குடித்தே கூலியைக் கரைத்த கணவர்களால் திண்டாடிய பெண்கள்தான் அந்தப் போராட்டத்தின் பெரிய பலம்.

நியோகிக்கு எதிரிகள் பெருகினார்கள். 1991 செப்டம்பர் 28 அதிகாலை, பிலாயில் தூங்கிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டுக்கொன்றார்கள். சுட்டவருக்கு 2005-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. கொலைக்குப் பின்னால் இருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட தொழிலதிபர்கள் விடுதலையானார்கள்.

மருத்துவமனை மூடப்படவில்லை. படுக்கைகள் கூடின, அக்கம்பக்கத்து ஆதிவாசி கிராமங்களிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் இளம் டாக்டராக வந்த சைபால் ஜனா, முப்பது வருடங்களுக்குப் பிறகும் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.