மாடு செத்த மறுநாள்

2025 ஜூன் 26ஆம் தேதி கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயத்தின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு மாட்டின் உடல். புலி அடித்துப் போட்ட அந்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து கலக்கப்பட்டிருந்தது. மிச்சத்தைத் தின்னத் திரும்பி வந்த குடும்பம் மொத்தமாக அழிந்தது. மாட்டை இழந்த ஆத்திரத்தில் நடந்த செயல் என்று விசாரணையில் தெரியவந்து, சிலர் கைதானார்கள். பெங்களூரில் எழுந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப் போனது. மாடு செத்ததற்கும் விஷம் வைத்ததற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நேரத்தில் மாட்டுக்காரரிடம் யாராவது போனார்களா? போயிருந்தால், அவரிடம் சொல்வதற்கு என்ன இருந்தது? புலியும் சிறுத்தையும் ஊர்களை ஒட்டி உயிரோடு இருப்பது பெரும்பாலும் இந்த ஓரிரு நாளில்தான் முடிவாகிறது என்பது என் எண்ணம். கிராமத்து மக்களுக்கு விலங்குகள் மேல் அன்பு உண்டா இல்லையா என்று நாம் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். இழப்பு நேர்ந்த மறுநாள் அரசு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் குடியிருப்பவர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. பன்னேர்கட்டா தேசியப் பூங்கா அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான். பெங்களூரைச் சுற்றிய காடுகளிலும் புதர்களிலும் எண்பதுக்கும் மேற்பட்ட சிறுத்தைகள் இருப்பதாக ஹொளெமத்தி நேச்சர் ஃபவுண்டேஷன் கேமராப் பொறிகளை வைத்து மதிப்பிட்டது. 2016 பிப்ரவரியில் நகரின் கிழக்கே ஒரு பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை புகுந்து, அதைப் பிடிக்கப் போனவர்கள் காயப்பட்டார்கள். 2023 நவம்பரில் கூட்லு கேட் பக்கம் சுற்றிய சிறுத்தை, பிடிக்கும் முயற்சியில் உயிரை விட்டது. இரண்டு முறையும் நகரம் நடுங்கியது, சில நாளில் மறந்தது. மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி கர்நாடகத்தில் 563 புலிகள், 1,879 சிறுத்தைகள். அவற்றை ஒட்டி வாழும் கிராமத்தவருக்கு அப்படி மறக்க வழியில்லை. நகரம் பெருமைப்படும் அந்த எண்ணிக்கையின் செலவு, அவர்கள் வீட்டில் காணாமல் போகும் ஆட்டிலும் கன்றிலும் வந்து விழுகிறது.

அவர்கள் அந்தச் செலவை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் அகோலே பள்ளத்தாக்கு நல்ல சான்று. கரும்பும் காய்கறியும் விளையும் பூமி அது. காடு என்று சொல்ல எதுவும் இல்லை. சதுர கிலோமீட்டருக்கு முந்நூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே கேமராப் பொறி வைத்த வித்யா ஆத்ரேயாவின் குழு, நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சிறுத்தைகள் இருப்பதாக 2013இல் வெளியிட்டது. சிறுத்தைகள் கரும்புக்குள்ளேயே குட்டி போடுகின்றன. அவற்றின் இரையில் ஊர்நாய்களின் பங்கு மட்டும் எடைக்கணக்கில் 39 சதவீதம். மற்ற வீட்டு விலங்குகளையும் சேர்த்தால் 87 சதவீதம். ஆய்வு நடந்த காலத்தில் சிறுத்தையால் அங்கே ஒரு மனித உயிரும் போகவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் இயற்கை ஆர்வலர் அல்ல. வயலில் வேலை, வீட்டில் நாலு ஆடு, தூரத்தில் ஒரு சிறுத்தை. அதன் போக்கில் அதை விட்டுவிட்டு வாழ்ந்தார்கள். இந்தப் பொறுமையை யாரும் உபதேசம் செய்து உண்டாக்கவில்லை. உண்டாக்க வேண்டிய தேவையும் இல்லை. இருக்கிற பொறுமையைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கெடுவது எப்படி என்பதையும் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் பந்திப்பூரை ஒட்டிய குண்டலுப்பேட்டை வட்டத்தின் பொம்மலாபுரா கிராமத்தில், புலியைப் பிடிக்க வைத்த கூண்டுக்குள் வனத்துறை ஊழியர்களையே மக்கள் பூட்டிவைத்தார்கள். புலி மாடுகளை அடிப்பதாகப் பலமுறை சொல்லியும் யாரும் வேளைக்கு வரவில்லை என்பது அவர்களின் புகார். பூட்டப்பட்டவர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மாதேஸ்வரன் மலைச் சம்பவத்துக்குப் பிறகு, அங்கே காட்டைக் காக்கும் ஒப்பந்தக் காவலர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்பதும் வெளியே வந்தது. ஊதியம் வராத காவலர், மாட்டை இழந்தவர் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவார்? இழப்பீடு கேட்பதும் லேசான காரியம் இல்லை. செத்த மாட்டை நகர்த்தக் கூடாது. வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். பிறகு படம், ஆதார், வங்கிப் புத்தகம், பஹணி என்னும் நிலப்பதிவு நகல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கடைசியில் வரும் தொகை மாட்டின் சந்தை விலைக்குக் கீழே நின்றால், அடுத்த முறை அந்த மனிதர் அலுவலகத்துப் பக்கமே போகமாட்டார்.

இந்த அலைச்சலைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பெங்களூரிலேயே ஓர் அமைப்பு முயன்று பார்த்திருக்கிறது. வனவிலங்கு ஆய்வு மையத்தின் கிருத்தி காரந்த் 2015இல் தொடங்கிய 'வைல்ட் சேவே' திட்டத்தில் நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளை ஒட்டிய நூற்றுக்கணக்கான கிராமங்களுக்குக் கட்டணமில்லாத ஒரே தொலைபேசி எண் தரப்பட்டது. அழைத்தால் பயிற்சி பெற்ற களப்பணியாளர் வந்து இழப்பைப் பதிவுசெய்து, மனுவை அவரே எழுதி அரசிடம் சேர்க்கிறார். பணம் கொடுப்பது அரசுதான். இடையில் இருக்கும் அலைச்சலை மட்டும் வேறு கை ஏற்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியில் உள்ள கிப்பர் கிராமத்தில் பனிச்சிறுத்தைக்கு மாடு கொடுத்தவர்கள் 2002 முதல் தங்களுக்குள்ளேயே காப்பீட்டு நிதி நடத்துகிறார்கள்; உண்மையான இழப்பு எது என்று ஊரே தீர்மானிக்கிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்று: இழந்தவர் தன் வார்த்தையை நம்பும் ஒருவரை அன்றைக்கே பார்க்கிறார்.

இதற்கெல்லாம் ஒரே பதிலாகச் சிலர் சொல்வது, பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடுங்கள் என்பது. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த யோசனை புனே மாவட்டத்தின் ஜுன்னரில் பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டது. 1993 முதல் 2001 வரை அங்கே மனிதர்கள் மேல் நடந்த சிறுத்தைத் தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு. 2001இல் பிடித்து இடம்மாற்றத் தொடங்கிய பிறகு அது பதினேழாக ஏறியது. உயிர் போகும் தாக்குதல்களின் பங்கும் 18 சதவீதத்திலிருந்து 36 சதவீதமானது. இடம் தெரியாத ஊரில், மிரண்டு, வழி தேடித் திரியும் விலங்கு முன்னைவிட ஆபத்தானது. அது விட்டுச்சென்ற இடத்துக்கு அனுபவமில்லாத இளம் சிறுத்தைகள் வந்து சேர்கின்றன. ஆனாலும் இதை வைத்து வனத்துறை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று யாரும் வாதிடக் கூடாது. அதே ஜுன்னர் கோட்டத்தில் 2025 இறுதியில் குழந்தைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள்; மக்கள் வனத்துறை வாகனத்துக்குத் தீ வைத்தார்கள். மனிதர்களைத் தொடர்ந்து கொல்லும் விலங்கு இருந்தால் அதை அகற்றத்தான் வேண்டும். 2021இல் கூடலூர், முதுமலைப் பகுதியில் ஆட்களைக் கொன்ற புலி மூன்று வாரத் தேடலுக்குப் பின் மயக்க ஊசியில் பிடிபட்டு மைசூர் மறுவாழ்வு மையத்துக்குப் போனது. அந்த ஒரு புலியை அடையாளம் கண்டு, அதையே தேடிப் பிடித்தார்கள். கண்ணில் படும் எந்தச் சிறுத்தையையும் கூண்டில் அடைப்பது வேறு காரியம்.

மைசூர் மாவட்டத்தின் டி. நரசிபுராவில் 2022 அக்டோபர் இறுதி முதல் 2023 ஜனவரி வரை சிறுத்தையால் நால்வர் இறந்தார்கள். அதற்குப் பிறகே மைசூரில் சிறுத்தைக்கென்று தனிப்படை அமைந்தது. தனிப்படை தேவைதான். ஆனால் கரும்பு வட்டாரங்களில் கிராமத்தவர் முன்வைக்கும் கோரிக்கை இன்னும் எளியது: பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரத்தைப் பகலில் கொடுங்கள். இரவு முறையில் மின்சாரம் வந்தால் விவசாயி டார்ச்சோடு இருட்டில் வயலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்; சிறுத்தை நடமாடும் வேளையும் அதுதான். ஆட்டுக்கொட்டகைக்குக் கம்பிவலை, ஊருக்கு வெளியே இறைச்சிக் கழிவு கொட்டாதிருத்தல், வீட்டுக்குள் கழிப்பறை, இவற்றில் எதுவும் வனத்துறையின் கையில் இல்லை. மின்வாரியம், பஞ்சாயத்து, கால்நடைத்துறை மூன்றும் பொறுப்பேற்காமல் வனச்சரகர் ஒருவரைக் கூண்டில் பூட்டி ஆவது ஒன்றுமில்லை. 2025 நவம்பரில் நாகரஹொளே, பந்திப்பூர் சஃபாரிகளை நிறுத்தி, அந்த ஊழியர்களைக் கிராமப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சுற்றுலாவுக்குக் கிடைக்கும் ஆட்பலம் கிராமத்துக்கு இல்லாமல் இருந்தது என்பதை அந்த உத்தரவே ஒப்புக்கொண்டது.

கடினமான ஆட்சேபம் இன்னொன்று இருக்கிறது. மாதேஸ்வரன் மலையில் மாடு மேய்ந்தது சரணாலயத்துக்குள். சட்டத்தை மீறியவருக்கு எதற்கு இழப்பீடு என்று கேட்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. புலிகள் இறந்த பிறகு கர்நாடக அரசும், தமிழ்நாட்டிலிருந்து ஓட்டிவரப்படும் மாடுகளைக் குறிப்பாகச் சொல்லி, காட்டு மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர முனைந்தது. காட்டில் மாட்டுக்கூட்டம் பெருகினால் மானுக்குத் தீவனம் குறையும், நோய் பரவும், புலிக்கு மாடு பழகும், இதெல்லாம் மெய். என்றாலும் பர்கூர் மலைமாடுகளைத் தலைமுறையாகக் காட்டுப்பட்டியில் வளர்த்தவர்களுக்கு ஒரே உத்தரவில் வேறு மேய்ச்சல் நிலம் முளைத்துவிடாது. தடை மட்டும் இருந்து மாற்று இல்லாத இடத்தில், மாட்டை இழந்தவர் அலுவலகத்துக்குப் போவதே தன் மேல் வழக்கைத் தேடிக்கொள்வதாக ஆகிறது. அவர் வாயைத் திறக்கமாட்டார். சரகத்துக்குத் தெரியாமலே புலி அடிக்கும், தெரியாமலே விஷம் வைப்பார்கள். மேய்ச்சலைக் குறைக்க நினைக்கும் அரசு, தீவனமும் கொட்டகையும் கொடுத்துக் குறைக்கட்டும். அதுவரை செத்த மாட்டைப் பற்றிச் சொல்ல வருபவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் இருக்கட்டும்.

பணம் கொடுத்தால் பொய்க் கணக்கு வரும், மாட்டைச் சரியாகப் பார்த்துக்கொள்ளமாட்டார்கள் என்ற சந்தேகத்தையும் ஒதுக்க முடியாது. இதற்கு ஸ்வீடன் ஒரு வழி கண்டது. கலைமான் மேய்க்கும் சாமி மக்களுக்கு அந்த நாடு 1996 முதல், செத்த கலைமானை எண்ணிப் பணம் தருவதில்லை. அவர்கள் மேய்ச்சல் எல்லைக்குள் லிங்க்ஸ் பூனையோ வால்வரினோ குட்டி போட்டது உறுதியானால், அந்தச் சமூகத்துக்குத் தொகை போகிறது. உயிரோடு இருக்கும் விலங்கு ஊருக்கு வருமானம். மந்தையைக் காத்துக்கொள்வதும் அவர்களுக்கே லாபம். நம் கிராமங்களுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது; கரும்புக்குள் குட்டி போடும் சிறுத்தையை யார் எண்ணுவது? பந்திப்பூர், நாகரஹொளே புலிகளோ கேமராப் பொறியில் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. அவற்றை ஒட்டிய சில பஞ்சாயத்துகளில் தொடங்கிப் பார்க்கலாம். மனித உயிருக்கு மட்டும் எந்தத் தொகையும் ஈடாகாது. மத்திய அரசின் திட்டங்களில் 2023 டிசம்பரில் உயிரிழப்புக்கான நிவாரணம் 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. குடும்பத்தின் கடனை அடைக்க அது உதவும், அவ்வளவுதான்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் நகரத்துக் குழாயில் இருக்கிறது. ஆஸ்டின் டவுனுக்கு வரும் காவிரி நீரில், நாகரஹொளேக் காட்டை ஒட்டி ஓடிவரும் கபினியும் இலட்சுமண தீர்த்தமும் கலந்திருக்கின்றன. அந்தக் காடு நிற்பதற்குப் புலியின் பெயரால் போட்ட சட்டம் ஒரு முக்கியக் காரணம். 2024 நவம்பரில் வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் காண்ட்ரே, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் நீரைக் குடிக்கும் நகரங்களின் தண்ணீர்க் கட்டணத்தில் மாதம் இரண்டு மூன்று ரூபாய் பசுமை வரி சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். ஏற்கெனவே கட்டணம் கட்டுகிறோம், இன்னொரு வரியா என்று எதிர்ப்பு எழுந்தது. பொது நிதியில் விழுந்து காணாமல் போகும் வரி என்றால் அந்த எதிர்ப்பு நியாயம். மாட்டை இழந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் சந்தை விலை, காவலருக்கு மாதம் தவறாத சம்பளம், கொட்டகைக்குக் கம்பிவலை என்று மூன்று செலவுக்கு மட்டும் கட்டிவைத்து, பஞ்சாயத்து வாரியாகக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டால், மாதம் மூன்று ரூபாய் கொடுக்க ஆஸ்டின் டவுனில் எந்த வீடும் மறுக்காது.