முனைக்கோடும் பொருள் வேறுபாடும்: தமிழ் அச்செழுத்தில் செரீப்

இதழ்த் தலைப்புகளுக்கு உரோமன் எழுத்தில் பெரிதும் விரும்பப்படுவது, தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறி வரும் வடிவமாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் போதோனியும் பிரான்சில் திதோ குடும்பத்தாரும் உருவாக்கிய அச்செழுத்துகள் இதற்கு முன்மாதிரி. இவற்றில் நெடுங்கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் அமையும். கோட்டின் முனையில் செரீப் எனப்படும் குறுங்கோடு நிற்கும். உரோமன் எழுத்தில் செரீப்பைச் சேர்த்தாலும் நீக்கினாலும் எழுத்து மாறுவதில்லை. தமிழில் நிலை வேறு.

ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறத்தாழ ஒரே பருமனுடையது. ரகரமும் ஆகாரக் காலும் சுவடிகளில் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. எகர ஏகார வேறுபாட்டை இன்றைய வடிவில் நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியதாகக் கூறப்படும். இன்று 'ர', 'ா' ஆகிய இரண்டையும் பிரிப்பது அடியிலுள்ள ஒரு சிறு சாய்கோடு; 'எ', 'ஏ' ஆகியவற்றைப் பிரிப்பதும் அத்தகையதே. அதாவது, உரோமன் எழுத்தில் செரீப் அமரும் அதே இடத்தில் தமிழில் பொருள் வேறுபடுத்தும் கூறு அமர்ந்துள்ளது. அக்கோடு மயிரிழையானால் பரணர் பாணராவார்; காலின் அடியில் அழகுக்கெனக் குறுங்கோடு இட்டால் பாணர் பரணராவார். தரம்–தாம், ஏரி–எரி முதலிய குறைந்த வேற்றுமை இணைகளும் இவ்வாறே. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனிக்காலை வழங்கியதால் காலின் வருகை மேலும் மிகுந்தது. டகரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கிடைக்கோடு மெலிந்தால் எஞ்சுவது வெறும் தூண்.

இச்சிக்கல் இருமொழி வழங்கும் எல்லைப் பகுதிகளில் கூர்மை பெறுகிறது. பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வகை செய்தது. ஒரே தாளில் இரு மொழிகளையும் ஒத்த தோற்றத்தில் அமைக்க முயல்வது இயல்பே. ஆனால் மலையாள வரிவடிவம் பெரும்பாலும் வளைவுகளால் ஆனது. தடிப்பு வேறுபாட்டை எளிதில் தாங்கும். அதே அளவைத் தமிழுக்கு இடும்போதுதான் இடர் எழுகிறது. தாள் நகலெடுக்கப்படும்போது முதலில் மறைவதும் மெல்லிய கோடே.

'ஏலமலை' என்பது 'எலமலை' எனத் தோன்றினும் மொழிபெயர்ப்பாளர் திருத்திக்கொள்வார். நில விவரத்தில் 'கரடு' என்பது 'காடு' எனத் தோன்றினால் சூழல் துணை செய்யாது. இரண்டும் அங்கே பொருந்தும், உரிமை மட்டும் வேறாகும். ஆட்பெயர், வீட்டுப்பெயர்களிலும் அவ்வாறே. மலையாளத்திலும் எகர ஏகாரங்கள் வேறுபடுவதால் ஒருமுறை புகுந்த பிழை அங்கும் நிலைபெற்றுவிடும்.

'செரீப்' எனப் பெயர் பெற்ற நோட்டோ வரிசைத் தமிழ் எழுத்துருவில் காணப்படுவது பெரிதும் தடிப்பு வேறுபாடே. உரோமன் வகைப் பாதங்கள் அன்று. இது தக்க தெரிவு எனலாம். மெலிவு வேண்டுமாயின் ககரத்தின் வளைவிலோ மகரத்தின் இணைப்பிலோ அமையலாம். ரகர, ஏகாரங்களின் அடிச்சாய்கோடு தூணின் பருமனுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.