யாருடைய விளக்கை அணைப்பது? சிறு வீட்டில் ஒரு திரை

1

‘ஹோம் தியேட்டர்’ என்கிற சொல்லே ஒரு முரண். முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாய் உட்காருகிற இடம் தியேட்டர். முன்பின் தெரியாதவர்களை வாசலிலேயே நிறுத்துகிற இடம் வீடு. இரண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்துச் சந்தை விற்கிறது. நண்பர்கள் கூடிப் படம் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில் நம்மில் சிலரும் வாங்குகிறோம். வாங்கியதை எப்படிப் பொருத்துவது என்று விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் 450 சதுர அடி வாடகை வீட்டில் திரை கட்டுவது வெறும் தொழில்நுட்பக் காரியமாக இருப்பதில்லை. அது வீட்டுக்குள் இருக்கிற அதிகார உறவுகளையும் தொட்டுவிடுகிறது.

சற்றே வரலாறு. 1894இல் நியூயார்க்கில் எடிசனின் கினெட்டோஸ்கோப் கடை விரித்தபோது பெட்டிக்கு ஓர் ஆள்தான். குனிந்து துளை வழியே பார்க்க வேண்டும். 1895 டிசம்பர் 28இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படத்தைத் திரையில் வீசிக் காட்டினார்கள். தனி ஆளாய்க் குனிந்து பார்த்தவர்கள் கூட்டமானார்கள். 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்க் கிளம்பியபோது அந்தக் கூட்டம் இங்கேயும் கூடிற்று. எல்லாச் சாதியாரும் ஒரே கூரைக்குள் வந்த முதல் கலைக்கூடம் கொட்டகைதான் என்பார் கா. சிவத்தம்பி. கூரை ஒன்றுதான் என்றாலும் தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவுகள் இருந்தன. பெண்களுக்குத் தனிப் பக்கம் இருந்தது. கொட்டகையைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. இருந்தாலும் காசு கொடுத்தவனை உள்ளே விட்டாக வேண்டும் என்கிற நியாயம் அங்கே இருந்தது.

கைபேசியோடு நாம் மறுபடி கினெட்டோஸ்கோப்புக்கே போய்விட்டோம். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு துளை. எனவே படத்தை மீண்டும் சுவருக்கு எடுத்து வருவதில் அர்த்தம் இருக்கிறது.

2

முதலில் தூரக் கணக்கு. புரொஜக்டருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். இதை ‘த்ரோ ரேஷியோ’ என்பார்கள். அது 1.2 என்றால் ஐந்தடி அகலப் படத்துக்கு ஆறடி தூரம் வேண்டும். எங்கள் ஹால் 10க்கு 13 அடி. நீளவாக்கில் ஒன்பதடி தள்ளி வைத்தால் ஏழரை அடி அகலம் விழும். மூலைக்கு மூலை 100 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஏழடியில் வைத்தால் 80 அங்குலம். 80 போதும். மிச்சமாகிற இரண்டடியில் இன்னொரு வரிசை உட்காரலாம்.

எந்திரத்தைக் கோணலாக வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ பொத்தானை அழுத்திப் படத்தைச் சதுரமாக்கலாம்தான். ஆனால் அது இருக்கிற புள்ளிகளில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத்தான் சரிசெய்கிறது. நேராக வைப்பதே நல்லது. பரண் மேல் வைத்தால் மின்விசிறியின் இறக்கை ஒளியை வெட்டும். விசிறியை நிறுத்திவிடலாமா என்றால், ஜன்னலையெல்லாம் மூடிய சென்னை வீட்டில் ஏழு பேர் உட்கார முடியாது. நாங்கள் முக்காலி மேல் வைத்து இரண்டு பக்கமும் பாய் விரித்தோம். படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை விழுங்கிவிடும். நம் படங்களில் பாதி சப்டைட்டிலில்தானே ஓடுகின்றன!

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர் இருந்தால் தனித்திரை எதற்கு? காலண்டரைக் கழற்றினால் போதும். வேட்டி கட்டினால் ஒளி ஊடுருவிப் பின்னால் போய்விடும்.

3

அடுத்தது வெளிச்சம். பெரிய ஏமாற்று நடப்பது இங்கேதான். மலிவான பெட்டிகளின் மேல் 9000 லூமன் என்று அச்சடித்திருக்கும். ‘ஆன்சி லூமன்’ எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றுவார். ‘1080 சப்போர்ட்’ என்பதும் அப்படித்தான். அந்த அளவுப் படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. வெளியே விடுகிற புள்ளிகள் எத்தனை என்பதற்கு ‘நேட்டிவ்’ எண்ணைப் பார்க்க வேண்டும்.

உண்மையில் நமக்கு எவ்வளவு வேண்டும்? 80 அங்குலப் படத்தின் பரப்பு சுமார் 19 சதுர அடி. டிஜிட்டல் திரையரங்குகளின் அளவுகோல்படி சதுர அடிக்கு 14 லூமன். ஆக முன்னூறுக்குள் அடங்கிவிடுகிறது. நாளாக ஆக விளக்கு மங்கும் என்பதால் 500 ஆன்சி இருந்தால் நிம்மதி. ஆனால் இந்தக் கணக்கு முழு இருட்டுக்கானது.

புரொஜக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளியைத்தான் வீச முடியும். ஒளி குறைகிற இடத்தில் நம் சுவர் எந்த நிறத்தில் தெரிகிறதோ அதுதான் படத்தின் கறுப்பு. ஹாலில் ஒரு டியூப்லைட் எரிந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். அப்புறம் எத்தனை ஆயிரம் லூமன் வாங்கினாலும் முழுதாய்த் தீராது. ஆகவே விலை கொடுத்து வாங்க முடியாத சரக்கு இருட்டுதான். அதை வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு ஹால் விளக்கை அணைப்பது என்றால் பிள்ளையின் வீட்டுப்பாட விளக்கை, அடுப்படிக்குப் போகிற வெளிச்சத்தை அணைப்பதுதான். பெரிய வீட்டுக்காரனுக்கு இதற்கென்று தனி அறை உண்டு. சின்ன வீட்டில் ஒருவரின் இருட்டு இன்னொருவரின் வேலையை நிறுத்துகிறது.

ஒலியும் இப்படியே. எந்திரத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கி சொத்தை. புளூடூத்தில் இணைத்தால் பல சமயம் உதடு முந்தும், குரல் பிந்தும். கம்பி போட்டு இணையுங்கள். தாழ்ந்த அதிர்வுகள் சுவரைத் தாண்டும் என்பதால் பெட்டியைப் பொதுச்சுவரில் ஒட்டாமல், தரையில் வைக்காமல், அடியில் ரப்பர் வைத்து நிறுத்துங்கள். இரவு பத்துக்குள் முடியுங்கள்.

4

இப்போது எங்கள் கதை. இரண்டாம் மாதம் ஷான்டல் ஆக்கர்மனின் ‘ழான் டீல்மன்’ (1975) போட்டோம். 201 நிமிடம். படத்தின் முழுப்பெயரில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வீட்டு முகவரியே இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பெண் உருளைக்கிழங்கு சீவுவதை, பாத்திரம் கழுவுவதை முழு நேர அளவில் காட்டுகிற படம். படம் முடிந்து வீட்டுழைப்பின் அரசியல் பற்றிச் சூடாகப் பேசினோம். என் மனைவி மூன்று முறை தேநீர் போட்டாள். ஒளியை மறைத்துவிடக் கூடாதென்று குனிந்து குனிந்து கடந்து போனாள். எல்லாரும் போனபிறகு, “அந்தம்மா கடைசியில என்ன செஞ்சா?” என்று கேட்டாள். சொல்ல வாய் வரவில்லை. பெண்ணின் வேலையைத் திரையில் மூன்றரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த வேலை கண்ணில் படவில்லை.

திரையை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். ஒளி இப்போது அடுப்படி வழியை வெட்டுவதில்லை. தேநீர் முன்பே பிளாஸ்கில் போட்டு வைக்கப்படுகிறது, ஆண்கள் முறை வைத்துப் போடுகிறோம். எந்தப் படம், எந்த நாள் என்பதை அவளும் சேர்ந்துதான் முடிவு செய்கிறாள். பரீட்சைக் காலத்தில் காட்சி இல்லை. இவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். த்ரோ ரேஷியோ போல இவையும் பொருத்துதலில் சேர்த்தி.

5

கோடையில் மொட்டை மாடியைக் கேட்டோம். பொதுக்காட்சி என்றால் 1952ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டம் சான்றிதழ் கேட்கும் என்பது தெரியும். இது நண்பர்கள் கூடுவது, டிக்கெட் கிடையாது என்று விளக்கினோம். குடியிருப்போர் சங்கத்தார் சட்டத்தையோ சத்தத்தையோ பேசவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “யாரெல்லாம் வருவாங்க?”

அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இங்கே வாடகைக்கு வீடு தேடி அலைந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாடி கிடைக்கவில்லை. கோபத்தோடு படியிறங்கும்போதுதான் உறைத்தது. கீழே கேட்டருகில் நாற்காலி போட்டு, காதில் ஒயர் மாட்டி, கைபேசியில் தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார் காவலாளி. ஒரு வருஷமாக எங்கள் நண்பர்களுக்குக் கேட் திறந்துவிடுகிறவர் அவர். ஒருநாள்கூட அவரை மேலே கூப்பிட்டதில்லை.